பஸ்ஸின் முதுகில் ஒரு ராஜ்தூத்

தருவைகுளம் இனிகோவிடம் ஒரு பஸ் இருந்தது. டிக்கெட் கிழிக்கிற பஸ் இல்லை. ஓடித் தேய்ந்து கழித்துப் போட்ட மூக்கு பஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்து, சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டு, ரெண்டு பக்கமும் நீளப் பலகை அடித்து, சங்கு குளிக்கிறவர்களை ஏற்றிப் போகிற வண்டியாக ஆக்கியிருந்தார். நடுவில் சங்கு மூட்டை. கூரையில் பாய், கயிறு, சட்டி. பின்பக்கம் இரும்பு ஆங்கிளில் ஒரு தாங்கி, அதில் கயிறு போட்டுக் கட்டின அவருடைய ராஜ்தூத் பைக். அந்த பஸ்ஸை ஓட்டினவன் நான், முத்தையாபுரம் தளவாய்.

பைக் எதற்கென்றால், சிப்பிகுளம் பக்கம் கேம்ப் போட்டால் பஸ் ஒரே இடத்தில் நின்றுவிடும். அங்கிருந்து உப்பள வரப்பு வழியாக மற்ற கேம்புக்குப் போய் வர பைக்தான் தோது. ஆனால் பைக்கைப் பஸ்ஸில் ஏற்றுமுன் டேங்கில் பெட்ரோல் ஒரு சொட்டு இருக்க விடமாட்டார். ட்யூபைப் போட்டு டின்னில் இறக்கி, மூடியைத் திறந்து வைத்து, டேங்கை வெயிலில் காயவிட்டு, காதை வைத்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் தூக்கச் சொல்லுவார். டின் ஒன்று அவர் வீட்டில், இன்னொன்று கேம்ப் குடிசையில். பஸ்ஸில் மட்டும் கிடையாது.

"இனிகோ அண்ணன் பைக்குக்கு நோன்பு" என்பான் சிலுவை. குளிக்கிறவர்களில் அவன்தான் வாய்க்காரன். "மாசம் பூரா தவக்காலம் அதுக்கு."

இனிகோ சிரிக்கமாட்டார். அவருடைய அண்ணன் ஒரு லாஞ்சில் பெட்ரோல் டின் பக்கத்தில் பீடி பற்றவைத்து எரிந்தவர். துறைமுகத்தில் நின்று பார்த்தது தம்பிதான். கடலுக்குள் குதித்த பிறகும் எரிந்தார் என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எழுபத்து மூணோ நாலோ, மாசி மாதம். அன்றைக்கு வாரக் கடைசி, வீட்டுக்குத் திரும்புகிற நாள். பைக்கைக் காலையிலேயே ஏற்றிக் கட்டியாயிற்று. கடைசி முழுக்குப் போட்டவர்கள் கரைக்கு வந்தபோது கிளாட்வினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிளாட்வின் இனிகோவின் மருமகன். மகள் பிளாரன்ஸைக் கட்டி வருஷம்கூட ஆகவில்லை. மணலில் புதைந்து கிடந்த திருக்கை மீன் வாலால் அடித்து, முள் தொடைக்குள் முறிந்து நின்றது. துண்டை முறுக்கிக் கட்டினார்கள். துண்டு சிவந்தது. அதன்மேல் இன்னொரு துண்டு.

"தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்கு விடுலே, தளவாய்" என்றார் இனிகோ.

சங்கு மூட்டைமேல் பாயை விரித்துக் கிடத்தினோம். நான் குடிசைக்கு ஓடிப்போய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "அண்ணாச்சி, வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, இது இருக்கட்டும்."

டின்னைப் பார்த்தார். உள்ளே கிடக்கிற மருமகனைப் பார்த்தார். ஒருவன் அப்போதே நடுக்கத்துக்குப் பீடியை வாயில் வைத்திருந்தான்.

"இவன் எந்திரிச்சு ஓடமாட்டான்ல. தீ வந்தா முதல்ல போறது இவன்தான். வச்சிட்டு வா."

வைத்துவிட்டு வந்தேன்.

வேப்பலோடை தாண்டி உப்பளத்துக்கு நடுவில் ரோடு. ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறும்போது பின்னால் 'டொக்'கென்று சத்தம். எஞ்சின் உறுமுது, வண்டி நகரவில்லை. ஆக்சில் முறிந்துவிட்டது. அதை ரோட்டில் வைத்துச் சரி பண்ண ஆண்டவனாலும் ஆகாது. உச்சி வெயில். உப்பளத்தில் ஒரு ஆள் இல்லை, ரோட்டில் ஒரு லாரி இல்லை. உப்பு மட்டும் கண்ணைக் குத்திக்கொண்டு கிடந்தது.

"பைக்கை இறக்குங்கலே!" என்று கத்தினான் சிலுவை. கத்தின வாய் அப்படியே நின்றது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஒருத்தரும் இனிகோ முகத்தைப் பார்க்கவில்லை.

"டீசல ஊத்திப் பாப்பமா?" என்றான் ஒருவன்.

"ஒன் தலையில ஊத்து" என்றேன். கயிற்றை அறுத்து இறக்கினோம். டேங்க் காய்ந்தாலும் கார்புரேட்டரில் கொஞ்சம் தங்கியிருக்கும் என்று ஒரு நப்பாசை. இனிகோ மிதித்தார். மிதித்தார். வேட்டி அவிழ்ந்தது, அதை உருவி எறிந்துவிட்டு அண்டர்வேரோடு மிதித்தார். "மாதாவே, மாதாவே" என்று ஒவ்வொரு மிதிக்கும். வண்டி பிடித்துக்கொண்டது.

கிளாட்வினை நடுவில் உட்கார வைத்து மாமனார் இடுப்போடு சேர்த்துக் கட்டினோம். பின்னால் நான் அணைத்துப் பிடித்தேன். என் மடியெல்லாம் ஈரம். தூரத்தில் தருவைகுளம் கோயில் கோபுரம் ஊசி மாதிரி தெரிய ஆரம்பித்தது. அவ்வளவுதான். பைக் ரெண்டு இருமல் இருமி அணைந்துவிட்டது.

இனிகோ கட்டை அவிழ்த்து இறங்கினார். ஒரு கையால் ஹேண்டிலையும் ஒரு கையால் மருமகனையும் பிடித்துத் தள்ள ஆரம்பித்தார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். வாயைத் திறந்தால் உப்புக் காற்று.

"மாமா," என்றான் கிளாட்வின். "குளிருது."

"வெயில் அடிக்குதுல்லா மக்கா. கண்ணை மூடாத. எங்கிட்டப் பேசு. என்னை ஏசு. நல்லா ஏசு."

"உங்க மக ஏசுவா," என்றான் அவன். சிரிக்கப் பார்த்தான். தலை டேங்க்மேல் சாய்ந்தது.

எதிரே ஒரு உப்பு லாரி, காலியாக வேப்பலோடைக்குப் போகிறது. இனிகோ மருமகனை என் கையில் தள்ளிவிட்டு, பைக்கை அப்படியே ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றார். லாரிக்காரன் பிரேக்கைப் போட்டு இறங்கி வந்தான்.

"ஏய், சாவுறதுக்கு வேற வண்டி கெடைக்கலையா ஒனக்கு?" என்று வந்தவன், எங்கள் மேலெல்லாம் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தான். லாரியைத் திருப்பினான். "பைக்கு?" என்றான்.

"கெடக்கட்டும்" என்றார் இனிகோ. உப்பளத்து வாய்க்காலில் அதைத் தள்ளிவிட்டு ஏறினார்.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் வராந்தாவில். இனிகோ இடுப்பில் என் துண்டு. தகவல் போய் பிளாரன்ஸ் வந்தாள். தலை வாரவில்லை, ஓடி வந்த மூச்சு. அழவில்லை.

"பஸ்ஸு முறிஞ்சாலும் பைக்குல வந்தா நேரத்தோட வந்திருக்கலாம்லாப்பா?"

"பைக்குலதான் வந்தோம்ளா. பாதியில நின்னுபோச்சு" என்றார் இனிகோ.

"எண்ணெய் இருந்துச்சா?"

"இல்லளா."

"டின்னு?"

நான் வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தளவாய் கொண்டாந்தான். நான்தான் வேண்டாம்ன்னேன்."

அவள் அவரைப் பார்த்த பார்வையை நான் எழுத முடியாது. "பெரியப்பா செத்து பத்து வருசமாச்சு," என்றாள். "இன்னும் அவுகளத்தான் காப்பாத்திக்கிட்டு இருக்கீகளா?"

டாக்டர் வந்தார். உயிருக்கு இனிப் பயமில்லை, கால் அவ்வளவாக உதவாது, கடல் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். பிளாரன்ஸ் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். இனிகோ அவள் பக்கத்தில் குனிந்தார். தொடவில்லை.

"எங்க அத்தைக்கு இன்னும் தெரியாது," என்றாள் அவள். கிளாட்வினின் தாய் ஆக்னஸ். புருஷன் இல்லாதவள், ஒற்றைப் பிள்ளைக்காரி. "வேற ஆள விடாதீங்க. நீங்க போய்ச் சொல்லுங்க. கால் போனதையும் சொல்லுங்க. டின்னையும் சொல்லுங்க."

"நான் போறேன் அண்ணாச்சி," என்றேன்.

"நீ இங்கன இரு," என்றார். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ரத்தம் காய்ந்த சட்டையோடு, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, பஸ் ஏறுகிற பக்கமாக நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்றார். திரும்பி வருவாரோ என்று பார்த்தேன். வரவில்லை. போனார்.