ஆள் இல்லையென்று திருப்பிய பதிவுத் தபால்

எங்கள் தெருவில் யாருக்காவது அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். மருதமுனையிலேயே பிறந்து, அங்கேயே தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். மின்சாரக் கட்டணத் தகராறு, காணிப் பிரச்சினை, இடமாற்றத்துக்கு மன்றாட்டம் என்று எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். டீச்சர் எழுதினால் காரியம் நடக்கும் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனால் எனக்காக ஒன்று எழுத வேண்டி வந்தபோது நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். வரித் தண்டத்தைத் தள்ளுபடி செய்து தரும்படி கேட்கும் கடிதம் அது.

என் கணவருக்குக் கல்முனையில் ஒரு புடவைக் கடை இருந்தது. வரிப் படிவத்தை வருடா வருடம் தன் கையாலேயே நிரப்பி அனுப்புவார். சிறுநீரகம் பழுதாகி, கிழமையில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகத் தொடங்கிய பிறகு படிவம் மேசையில் அப்படியே கிடந்தது. அடுத்த வருடப் படிவமும் வந்து அதன்மேல் கிடந்தது. நான் அதன்மேல் மருந்துச் சீட்டுகளை வைத்தேன். உயிர் போகுமா நிற்குமா என்று ஓடித்திரிகிற வீட்டில் படிவத்தை யார் நினைப்பார்கள்? கடையும் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. கடைசியில் அவர் மௌத்தானார்.

நான் இத்தா இருந்தேன். கணவன் போனால் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களுக்கு முன்னால் வராமல் வீட்டோடு இருப்பது எங்கள் வழக்கம். முதல் மாதம் வீடு நிறையப் பெண்கள். ஆளுக்கொரு சட்டியில் சமைத்துக்கொண்டு வருவார்கள், ஓதுவார்கள், எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத் தங்கள் மாமியாரைப் பற்றிக் கதைப்பார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் அந்த எரிச்சலுக்குக்கூட ஏங்குகிறேன். பிறகு ஒவ்வொருவராகக் குறைந்து, அவருடைய தங்கை மட்டும் காலையில் வந்து பொழுது சாயும்வரை என்னோடு இருந்தாள்.

அப்படி ஒரு காலையில்தான் தபால்காரர் வந்து மணி அடித்தார். என் கணவரை நானா என்றழைக்கும் அவர் தங்கை போய்ப் பார்த்துவிட்டு அறை வாசலுக்கு வந்தாள்.

“மச்சி, நானாட பேருக்குப் பதிவுத் தபால் ஒண்டு. ஆள் இரிக்காரா எண்டு கேக்கார். புது ஆள் போல, தெரியாது. மௌத்தாகிட்டார் எண்டு சொல்லி எடுக்கட்டா?”

“வேணாம்” என்றேன்.

“அப்ப என்ன சொல்ற?”

“ஆள் இப்ப இல்ல, பிறகு வரச் சொல்லு.”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனாலும் போய் அப்படியே சொன்னாள். தபால்காரர் ஒரு துண்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சில நாள் கழித்து மறுபடி வந்தார். மறுபடியும் ஆள் இல்லை. அடுத்த மாதம் இன்னொரு பதிவுத் தபால், அதற்கும் அதே பதில். துண்டுகளை நான் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். கடிதங்கள் வந்த வழியே திரும்பிப் போயின.

இத்தா முடிந்த அன்று குளித்து, துஆ ஓதி, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தோம். மறுநாளிலிருந்து யாரும் வரவில்லை. அவருடைய தங்கைக்கும் வீடு வாசல் இருக்கிறதே. மகள் கட்டாரில். பின்னேரம் அஸர் தொழுதபின் போனில் கோல் எடுத்து, “உம்மா, சாப்பிட்டீங்களா?” என்பாள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் “ஓம் மகள்” என்பேன். ஒரு சுண்டு அரிசி போட்டாலும் மிஞ்சியது. அந்த ஓர் “ஓம்” மட்டும் பேசிவிட்டுப் படுத்த நாட்கள் இருந்தன. வகுப்பறையில் கத்திக் கத்தியே தொண்டை கட்டிய மனுசி நான்.

அந்த நாட்களில்தான் எங்கள் புடவைக் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். வீட்டு முகவரிக்குப் போனது திரும்பியதால் வரிக்கந்தோரில் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். படிவம் அனுப்பாததற்குத் தண்டம், கட்டாததற்கு மேலும் தண்டம். ஆட்சேபிக்கத் தந்த தவணையும் முடிந்து போயிருந்தது. வரியைவிடத் தண்டம் பெரிதாக நின்றது. வரியைத் தவணையில் கட்டலாம். தண்டத்தையும் கட்டுவதென்றால் கடையைக் கைமாற்றத்தான் வேண்டும். நாங்கள் இருந்த வீடு என் சீதன வீடு. ஊர் வழக்கப்படி அது என்றைக்கும் என் வீடுதான். அவருடையது என்று இந்த உலகத்தில் மிஞ்சியது அந்தக் கடை ஒன்றே. அதை விட என்னால் ஏலாது.

ஐந்தாவது தாளில் கடிதம் சரியாக வந்தது. நோய், கடை பூட்டிக் கிடந்தது, மரணம், எல்லாம் ஒழுங்காக. தபாலைப் பெறாத காரணத்துக்கு, ‘மார்க்க வழக்கப்படி இத்தாவில் இருந்தமையால் பெற இயலவில்லை’ என்று எழுதினேன். திரும்பப் படித்தபோது என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வரிக்கந்தோருக்குத் தனியே போனேன். கடிதத்தை வாங்கியது பொட்டு வைத்த ஒரு தமிழ்ப் பிள்ளை, என் மகள் வயதிருக்கும். ஆஸ்பத்திரிக் கடதாசிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, “இது காணும் அம்மா, வேற ஒண்டும் தேவையில்ல” என்றாள். பிறகு இத்தா என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“குறை நினைக்காதீங்க. எங்கட பக்கத்து வீட்டு உம்மாவும் இத்தா இருந்தவங்க. தபால் வந்தா யன்னலால கைய நீட்டிச் சைன் வைப்பாங்க. நான்தான் வாங்கிக் குடுப்பன்.”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. எங்கள் மார்க்கத்தை எனக்கே படிப்பிக்க வந்துவிட்டாள் என்று வாய்வரை வந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை. கையெழுத்து வைக்கக் கூடாதென்று மார்க்கம் படித்த எந்த ஆலிமும் எனக்குச் சொல்லவில்லை. பார்த்தெழுதிப் பிடிபட்ட பிள்ளையைப்போல அவள் முன்னால் இருந்தேன்.

“ஓம் மிஸ்” என்றேன். “இத்தா தடுக்கல்ல. தபால் அவங்கட பேருக்கு வந்த. வாசல்ல ஒரு ஆள் வந்து, அவங்க இரிக்காங்களா எண்டு கேக்கார். இல்ல, மௌத்தாகிட்டாங்க எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. பிறகு வரச் சொன்னா, பிறகும் வந்து கேப்பார்தானே.”

அவள் கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். “அப்ப அதையே எழுதுங்க அம்மா” என்று பேனையைத் தந்தாள். இத்தா என்று எழுதிய வாக்கியத்தை வெட்டிவிட்டு, நான் சொன்னதை அதன்மேல் எழுதினேன். இலக்கணமும் இல்லை, அழகும் இல்லை. என் வாழ்நாளில் எழுதிய மிக மோசமான விண்ணப்பம்.

அவள் அதைத் தன் மேலதிகாரியிடம் உள்ளே கொண்டுபோனாள். திரும்பி வர நேரமெடுத்தது. சுவர்ப்பக்கம் பார்த்தபடி தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன். வந்தவளுடைய முகத்திலேயே பதில் இருந்தது.

“தண்டத்தை முழுக்கத் தள்ளுபடி செய்ய சேர் ஒத்துக்கொண்டிட்டார். வரிய மட்டும் தவணையில கட்டுங்க. கடைய உங்கட பேருக்கு மாத்தலாம்.”

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். கடை தப்பிவிட்டது. அவள் இன்னொரு தாளை என் முன்னால் வைத்தாள்.

“இதிலயும் ஒரு சைன் வேணும். மரணப் பத்திரத்தோட சேர்த்து ஐயாட கோவைய, இந்த ஃபைல, மூடப்போறம். இனி அவர்ட பேருக்கு எங்கட கந்தோரால ஒரு கடிதமும் வராது. உங்களுக்குக் கரைச்சல் இல்ல.”

அவள் எனக்கு நல்லது செய்கிற சந்தோசத்தில்தான் சொன்னாள். நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய முழுப் பெயரும், அவர் வாப்பாவின் பெயரோடு, ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் அச்சடித்திருந்தது.

“மிஸ்” என்றேன். “தண்டத்த நான் கட்டிட்டா, கோவைய மூடாம விடுவீங்களா?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே விளங்கியது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

“இல்லம்மா” என்றாள் மெதுவாக. “கட்டினாலும் மூடத்தான் வேணும்.”

கையெழுத்து வைத்தேன். அவள் தாளை எடுக்கப் பார்த்தாள். அவருடைய பெயரின்மேல் இருந்த என் கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.