தோளுக்கு இறங்கிய ஆப்பிள்

ஆப்பிள் அந்த விஞ்ஞானியின் தலையில் விழவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். மனுஷர் தோட்டத்தில் இருந்தபோது ஒரு ஆப்பிள் அது பாட்டுக்குக் கீழே விழுந்தது. பார்த்தார், யோசித்தார், அப்புறம் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். தலையும் இல்லை, வீக்கமும் இல்லை. ஆனால் இப்படிச் சொன்னால் யாருக்குப் பிடிக்கிறது? எல்லோருக்கும் தலையில் விழுந்தாக வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தற்காலிக சயன்ஸ் டீச்சர். பிரசவத்துக்குப் போன ஒருத்தியின் இடத்தில் என்னைப் போட்டிருந்தார்கள். அவளுடைய கணவருக்கு டெல்லிக்கு மாற்றலாகிவிட, இனி அவள் வரப்போவதில்லை என்று தெரிந்துபோயிற்று. அந்த இடத்தை எனக்கே கொடுப்பதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்பதை ஆண்டு விழா முடிந்ததும் பள்ளித் தாளாளர் முடிவு செய்வார் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டிலோ அதற்குள் ஒரு ஜாதகம் பொருந்தித் தொலைத்திருந்தது. பையனுக்கு வடக்கே ஏதோ உருக்காலை ஊரில் வேலை. அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "வேலை நிரந்தரம்னா ஒரு வருஷம் தள்ளிப் போடறேன். இல்லேன்னா தை மாசம் முகூர்த்தம்." அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவன் முகம்கூடச் சரியாக நினைவில்லை. ஆனால் கையில் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நிற்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும். அதை விட்டுவிட்டு ஊர் பேர் தெரியாத இடத்தில் போய்ச் சப்பாத்தி இட எனக்கு இஷ்டமில்லை.

தாளாளர் தென்கோடிச் சீமையிலிருந்து வந்து தி. நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தவர். நல்ல மனுஷர்தான். பள்ளிக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தார், கூரை மாற்றிக் கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் ஒரே கதையைச் சொல்வார். இளைஞனாக அவர் கடைத்தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தாராம். எதிரே வந்த கைவண்டியிலிருந்து ஒரு துணி மூட்டை சரிந்து அவர் தலையில் விழுந்ததாம். மயக்கம் தெளிந்து எழுந்ததும், நாமே ஒரு ஜவுளிக்கடை வைத்தால் என்ன என்று பளிச்சென்று தோன்றியதாம். பெண்களுக்கு அந்தக் கதை மனப்பாடம். என் வகுப்பில் ஒருத்தி கைவண்டி வந்தால் விலகாமல் உரசிக்கொண்டே நடக்கிறாள் என்று அவள் அம்மா என்னிடம் வந்து புலம்பிவிட்டுப் போனாள்.

அந்த வருஷ விழாவுக்கு விஞ்ஞானிகளைப் பற்றி நாடகம் போட வேண்டும் என்று தாளாளர் ஆசைப்பட்டார். மூன்று காட்சிகளையும் அவரே தேர்ந்தெடுத்திருந்தார். குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஓடியவர் ஒருவர், கெட்டில் மூடி ஆடுவதைப் பார்த்தவர் ஒருவர், தலையில் ஆப்பிள் வாங்கியவர் ஒருவர். எழுதி நடத்த வேண்டியது நான்.

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? கடைக்கே போய், துணிகளுக்கு நடுவில் நின்று, இந்த மூன்றுமே பிற்பாடு ஜோடித்த கதைகள், ஆப்பிளாவது விழுந்திருக்கும், ஆனால் தலையில் விழவில்லை என்று பாடம் எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எனக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன்.

"தலையில விழாம எப்படி டீச்சர் புத்தி வரும்? எனக்கு வந்துச்சே" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பொருமினேன். அப்பாவுக்கு விஞ்ஞானம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் மேலேயிருந்து ஒன்று மனிதன் மேல் விழுகிறது என்றதும் அவர் கை தானாகப் பஞ்சாங்கத்துக்குப் போயிற்று. அதில் பல்லி விழும் பலன் என்று ஒரு பக்கம் உண்டு. உடம்பின் எந்த இடத்தில் பல்லி விழுந்தால் என்ன நடக்கும் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலால் தடவிப் படித்தார்.

"தலையில விழுந்தா கலகம்னு போட்டிருக்கு. தோள்னா ஜெயம். தோள்ல விழட்டுமே."

ஆப்பிள் என்ன பல்லியா என்று கத்தினேன். மறுநாள் ஆசிரியைகள் அறையில் சிரிப்பதற்காக இதைச் சொன்னேன். யாருமே சிரிக்கவில்லை. தலைமை ஆசிரியையின் முகம் வெளுத்துவிட்டது. விழா நாள் அதுவுமாக மேடையில் கலகமா என்று நேரே போய்த் தாளாளரிடம் சொல்லிவிட்டார். என் விஞ்ஞானத்துக்கு அசையாத மனுஷர் பல்லிக்கு அசைந்து கொடுத்தார். வலது தோள் என்று முடிவாயிற்று.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆப்பிள் தலையிலிருந்து தோளுக்கு இறங்கியிருந்தது. உண்மையை நோக்கி ஒரு முழம் வந்தாயிற்று. அந்தத் தைரியத்தில், யாரையும் கேட்காமல் வசனத்தில் ஒரு வரி சேர்த்தேன். ஆப்பிள் விழுந்ததும் விஞ்ஞானி "ஆகா, கண்டுபிடித்தேன்!" என்று துள்ள வேண்டும், அது தாளாளர் கேட்ட வசனம். அதன் பின்னால், "பல வருஷமாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்பது நான் சேர்த்த வரி.

ஒத்திகைக்கெல்லாம் ஆப்பிள் கட்டுப்படியாகுமா? பெரிய வெங்காயத்தை வைத்து ஒப்பேற்றினோம். நிஜ ஆப்பிளை விழாவன்று காலையில், ஆஸ்பத்திரி வாசல் பழக்கடையில்தான் வாங்கினேன். அந்தக் காலத்தில் யாராவது உடம்பு முடியாமல் படுத்துக்கொண்டால் ஒழிய எங்கள் பக்கத்தில் ஆப்பிள் வாங்குவது கிடையாது. பழக்காரி பொட்டலம் கட்டிக்கொண்டே எந்த வார்டு என்று கேட்டாள். விஞ்ஞானிக்கு என்று சொன்னேன். சீக்கிரம் குணமாகிவிடும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினாள்.

சாயங்காலம் பள்ளி மைதானம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் தாளாளரும் அவர் மனைவியும். என் அப்பா நாலாவது வரிசையில்.

முதல் காட்சிக்குத் தொட்டிக்கு எங்கே போவது? கல்யாணச் சமையல் அண்டாவில் ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தோம். திரை விலகியதுமே கூட்டம் முகம் சுளித்தது. குளித்த தண்ணீரிலேயே உட்கார்ந்துகொண்டிருக்கிறானே, கர்மம் கர்மம் என்று மாமிகள் முணுமுணுப்பது எனக்குத் திரை மறைவு வரைக்கும் கேட்டது. அடுத்து அவள் கவுன் மேல் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு மேடையை விட்டிறங்கிக் கூட்டத்துக்கு நடுவே ஓட வேண்டும். உலகமே மூக்கில் விரலை வைத்த ஓட்டம் அது. எங்கள் ஊரிலோ தினமும் விடிந்தால் குளத்திலிருந்து ஈரவேட்டியோடு அப்படித்தான் ஆண்கள் போவார்கள். ஒருத்தரும் அசரவில்லை. ஒரு மாமி மட்டும் அவசரமாகக் காலை இழுத்துக்கொண்டு, "மடியா வரார் போலிருக்கு, வழி விடுங்கோ" என்றாள். எல்லோரும் மேலே பட்டுவிடாமல் பயபக்தியோடு ஒதுங்கி வழி விட்டார்கள். கண்டுபிடித்தேன் என்று அவள் கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கெட்டிலும் எங்களிடம் இல்லை. ஸ்டவ்வில் இட்லிப் பானையை ஏற்றியிருந்தோம். மூடி தடதடவென்று ஆடியது. நீராவியின் சக்தியைக் கண்ட பெண் கன்னத்தில் கை வைத்து வியந்து நின்றாள். நடுவரிசையிலிருந்து யாரோ ஒரு அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "வெந்துடுத்துடி, இறக்கு" என்றாள். இவளும் பழக்கதோஷத்தில் முந்தானையால் பிடித்து இறக்கி வைத்துவிட்டாள். அதற்குத்தான் அன்றைக்கு முதல் கைதட்டல் விழுந்தது.

மூன்றாவது காட்சி ஆப்பிள். பள்ளி பியூன் மேடைக்கு மேலே, கூரை விட்டத்தில் ஆப்பிளோடு உட்கார்ந்திருந்தான். ஏறுவதற்கு முன்னால் என்னை நிறுத்திக் கேட்டுக்கொண்டான்.

"தலையா தோளா, கரீட்டா சொல்லிடு டீச்சர். மேல குந்திக்கினு ரோசனை பண்ண முடியாது."

வலது தோள் என்றேன். கீழே விஞ்ஞானி நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஒரு கம்பளியை வேறு போட்டிருந்தேன், சீமையில் குளிருமே என்று. அதுதான் வினையாகப் போயிற்று. மேலே ஆப்பிள் தெரிந்ததும் கூட்டத்தில் ஒரே கவலை. பாவம், என்ன உடம்பு, டைபாயிடா, இந்தச் சின்ன வயசிலா என்று பேச்சு பரவியது. பின்னால் ஒரு பெரியவர் எழுந்து நின்றே விசாரித்தார்.

பியூன் குறி பார்த்துத்தான் போட்டான். ஆனால் வெங்காயம் பட்டே அந்தப் பெண்ணுக்கு ஒத்திகையில் தோள் கன்றிப் போயிருந்தது. கடைசி நொடியில் கண்ணைத் திறந்து, மேலே பார்த்து, தோளைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். ஆப்பிள் தரையில் மொத்தென்று விழுந்தது. மேடையில் உருண்டது, விளிம்பைத் தாண்டியது, தாளாளர் காலடியில் போய் நின்றது.

அவள் ஆப்பிள் போன வழியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆகா" வரவேயில்லை. பிறகு, கணீரென்று, "என் மேல ஒண்ணும் விழலை" என்றாள். அதை நான் எழுதவில்லை. அதோடு நிறுத்தினாளா? என் வரியையும் சேர்த்துச் சொன்னாள். "பல வருஷமாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

விஞ்ஞான சரித்திரத்தை அதைவிடச் சரியாக யாரும் மேடையில் சொல்லியிருக்க முடியாது. எனக்கோ காதில் நாதஸ்வரம் கேட்க ஆரம்பித்துவிட்டது. போச்சு, தை மாசம் முகூர்த்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன். திரையை இழுக்கச் சொன்னேன்.

தாளாளர் மேடைக்குப் பின்னால் வந்தார். கையில் அந்த ஆப்பிள். பின்னாலேயே அவர் மனைவி. அதுவரை அந்த அம்மாள் பேசி நான் கேட்டதில்லை. விழாவுக்கு வருவார், குத்துவிளக்கு ஏற்றுவார், போவார்.

என்ன டீச்சர் இது, தோளில் விழும் என்றுதானே பேச்சு என்று தாளாளர் ஆரம்பித்தார். பதில் சொன்னது அந்த அம்மாள்தான், குரலை உயர்த்தாமல்.

"அந்தப் புள்ள சரியாத்தான் சொல்லிச்சு. உங்க மேலயும் ஒண்ணும் விழலியே. வருசக்கணக்கா அடுத்தவுக கடையில துணி மடிச்சீக. நாம ஒரு கடை போடுவோம் போடுவோம்னு நான் சொல்லச் சொல்ல, பயமா இருக்குன்னீக." கொஞ்சம் நிறுத்தினார். "இந்த டீச்சர் இங்கயே இருக்கட்டும்."

தாளாளர் ஆப்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு போய்க் காரில் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. நிரந்தரம். பள்ளி வராந்தாவிலேயே குதித்தேன், யார் பார்த்தாலும் கவலையில்லை என்று. கல்யாணம் தள்ளிப் போயிற்று. உருக்காலைப் பையனுக்குப் பொறுமை இல்லை, வேறு இடத்தில் முடித்துக்கொண்டான். நல்லா இருக்கட்டும். அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், உத்தரவு வருவதற்கு முதல் நாளே சுவாமி அலமாரிக்கு மேலே பல்லி சொல்லிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நிரந்தர டீச்சருக்குக் கொஞ்சம் பொறுமை வந்துவிடுகிறது.

மறு வருஷம் ஆண்டு விழா. தாளாளர் ஒலிபெருக்கி முன்னால் வந்து, வழக்கம்போல் துணி மூட்டையைத் தலையில் விழவைத்தார். அதோடு நிற்கவில்லை. போன வருஷம் இதே இடத்தில் தான் உட்கார்ந்திருந்தபோது ஒரு ஆப்பிள் வந்து தன் தலையில் விழுந்ததாகவும், அந்த நொடியே இந்தச் சயன்ஸ் டீச்சரை விடக்கூடாது என்று தனக்குப் பளிச்சென்று தோன்றியதாகவும் சொன்னார். அந்த ஆப்பிள் இன்றும் தன் வீட்டுச் சுவாமி அலமாரியில் இருக்கிறது என்றார். நான் பாடுபட்டுத் தோளுக்கு இறக்கி, தானாகத் தரைக்கு வந்த ஆப்பிள், ஒரே வருஷத்தில் மறுபடியும் தலைக்கு ஏறிவிட்டது. கைதட்டல் வானத்தைப் பிளந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. விஞ்ஞானத்துக்காக இல்லை. இரண்டு கதையிலும் அந்த அம்மாள் இல்லை. கடையும் அவரால் வந்தது, என் வேலையும் அவரால் வந்தது. இரண்டும் மேலேயிருந்து விழுந்ததாக ஊர் நம்பிவிட்டது.

அவர் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் முகம் போன போக்கை எப்படித் தெரிந்துகொண்டாரோ, மெதுவாகப் பின்னால் திரும்பினார்.

"சாமி அலமாரியில வச்சது நெசந்தான். ரெண்டு நாள்ல அழுகி ஈ மொச்சுது. நாந்தான் எடுத்துக் குப்பையில போட்டு, எடத்தத் தொடச்சு விட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவுக எங்கன்னு கேக்கல."

சொல்லிவிட்டு முன்னால் திரும்பி, எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார்.