தண்ணீரில்லாத கால்வாய், இருபத்து நான்கு புள்ளி இரண்டு டிகிரி

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத கால்வாயில் தண்ணீரின் வெப்பநிலையை அளந்து எழுதியவன் நான். இருபத்து நான்கு புள்ளி இரண்டு டிகிரி. வெறும் இருபத்து நான்கு என்று எழுதினால் சந்தேகம் வரும் என்று யோசித்துத்தான் அந்தப் புள்ளி இரண்டைப் போட்டேன். என் படிப்பு, அனுபவம் எல்லாம் அந்தப் புள்ளி இரண்டில் இருக்கிறது.

மர்பி டவுனில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அப்போது எனக்கு ஒப்பந்தத்தில் மூன்றாவது வருடம். ஏப்ரலில் என் வேலை செத்துப்போகும், ஜூனில் உயிர்த்தெழும். பள்ளியில் ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. கனகபுரா சாலைப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் ஆசிரியர்களுக்கு நாலு நாள் தங்கிச் செய்யும் சுற்றுச்சூழல் பயிற்சி நடக்கிறது, போய்விட்டு வாருங்கள் என்றார் தலைமை ஆசிரியை. பயிற்சி முடிந்ததும் ஒவ்வோர் ஆசிரியரைப் பற்றியும் அங்கிருக்கும் பொறுப்பாளர் பள்ளிக்குக் கடிதம் எழுதுவாராம். அந்தக் கடிதம் வரட்டும், பிறகு அந்த இடத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து எனக்கு எல்லார்மேலும் சந்தேகம். முக்கியமாகப் பொறுப்பாளர்மேல். ஒல்லியான மனிதர், கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார், ஆனால் பேசுவது குறைவு. என் ஜோக்குக்கு மற்றவர்கள் சிரிக்கும்போது அவர் மட்டும் தலையைச் சாய்த்து, அது எந்தக் குருவியின் சத்தம் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பதுபோல் நிற்பார். கழுத்தில் எப்போதும் பைனாகுலர். மரத்தைப் பார்க்கிறாரா, மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்க்கிறாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

இரண்டிரண்டு பேராக ஆறு குழு. என் ஜோடி பொம்மனஹள்ளிப் பள்ளி ஒன்றிலிருந்து வந்த ஒரு மிஸ், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தினமும் காலையில் ஏரியின் கரை, மதகு, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் என்று மூன்று இடங்களில் தண்ணீரின் வெப்பநிலை, நிறம், வாடை, பூச்சி புழு எல்லாம் பார்த்து எழுத வேண்டும். ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் போகலாம். தாளின் அடியில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காகப் போனோம். கால்வாய்தான் தூரம். ஏரியைப் பாதி சுற்றி, கணுக்கால்வரை சேற்றில் நடந்தால் சாக்கடை வாடை வரவேற்கும். மூன்றாம் நாள் மிஸ்ஸுக்குக் கால் பிசகியிருந்தது. கரையையும் மதகையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, கால்வாய்க்கு என்னை அனுப்பினார்.

நான் டீக்கடைக்குப் போனேன்.

இதில் தொழில் ரகசியம் ஒன்று இருக்கிறது. பள்ளிச் சோதனைக்கூடத்தில் ஊசல் ஆடுவதை எந்தப் பிள்ளையும் ஒழுங்காக எண்ணியதில்லை. என்ன விடை வர வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கும். அங்கிருந்து பின்னோக்கி வந்து, நடுவில் கொஞ்சம் தப்பைத் தூவி, ரெக்கார்ட் நோட்டில் எழுதவைப்போம். அப்படி எழுதிப் பாஸானவன்தான் நான். அப்படியே சொல்லியும் கொடுத்தேன். சாக்கடைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சாம்பல் நிறம், கடும் வாடை, கொசுப் புழு மூன்று. டீ ஆறுவதற்குள் தாளில் கால்வாய்க்கான பகுதி நிரம்பிவிட்டது.

அதே கடையில் பயிற்சிக்கு வந்த இன்னும் இரண்டு ஆசிரியர்கள் ஒரு டீயைப் பை டூ என்று இரண்டு கிளாஸில் பிரித்து வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பையில் தெர்மாமீட்டர் துருத்திக்கொண்டிருந்தது. இருவரும் என் செருப்பைப் பார்த்தார்கள். சேறு படாத செருப்பு. இவர்கள் போய் அளந்துவிட்டு வந்துவிட்டார்கள், என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தோன்றியது. பொறுப்பாளரிடம் யார் முதலில் போய்ச் சொல்வார்கள் என்று இருவர் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர்கள் செருப்பைப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

மிஸ் அதே தாளில் தன் பங்கை எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டார். பதினொரு மணிக்குப் பொறுப்பாளர் தாள்களை வாங்கினார். என்னுடையதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார். ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று மிஸ்ஸிடம் கேட்டேன். என் கையெழுத்து அந்த லட்சணத்தில் இருந்தால் யாராயிருந்தாலும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்றார். அதுவும் எனக்கு நம்பும்படி இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பொறுப்பாளர் எல்லாரையும் கால்வாய்க்கு அழைத்துப் போனார். மிஸ்ஸும் ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு வந்தார். கால்வாய் காய்ந்து கிடந்தது. மேலே எங்கோ குழாய் பதிக்கிறார்களாம், முந்தின நாள் மதியமே மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார்களாம். கொசுப் புழு மூன்று நெளிந்திருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆடு கால் நீட்டிப் படுத்திருந்தது. பொறுப்பாளர் பைனாகுலரைத் துடைத்தார். திரும்பி வரும் வழியில் எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். எல்லாரும் என்னைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

நாலு மணிக்குப் பொறுப்பாளர் கூடத்தில் கயிறு கட்டி, ஆறு தாளையும் துணி கிளிப்பில் தொங்கவிட்டிருந்தார். நான் தாள்களைப் பார்க்கவில்லை, மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். போட்டுக்கொடுக்கப் போகிறார், அதற்குள் நானே சொல்லிவிட்டால் கடிதத்தில் நேர்மையானவர் என்று ஒரு வார்த்தையாவது விழும் என்று எழுந்து நின்றேன். (கொட்டாவி விடத்தான் வாயைத் திறந்தாராம், பிறகு சொன்னார்.) எங்கள் சபையில் பாதிரியாரிடம் தனியாகப் பாவம் சொல்லும் வழக்கம் கிடையாது, அதனால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. டீக்கடை, கொசுப் புழு, புள்ளி இரண்டு என்று ஒன்று விடாமல் சொன்னேன். புள்ளி இரண்டுக்காவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மிஸ்தான் பேசினார். "சார், அடியில என் கையெழுத்தும் இருக்கு. எங்க ஸ்கூலுக்கும் லெட்டர் போகும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

அதுவரை அந்தக் கையெழுத்து எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தாள்கள் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் படித்தேன். இருபத்து மூன்று புள்ளி எட்டு. இருபத்து நான்கு புள்ளி ஐந்து. ஒருவர் வெறும் இருபத்து நான்கு என்று போட்டிருந்தார், அனுபவம் போதாது. ஒரு குழு தவளையே பார்த்திருந்தது. ஆறு தாளிலும் கால்வாயில் தண்ணீர் ஓடியது. ஆறு தாளிலும் பென்சில் கோடு இருந்தது. டீக்கடை ஆசிரியர்கள் இருவரும் ஜன்னல் வழியாக வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

வேறு யாரும் எழுந்து நிற்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, டீ வந்துவிட்டது என்று பொறுப்பாளர் வெளியே போய்விட்டார். ஆறு குழுவில் ஒப்புக்கொண்டவன் நான் ஒருவன்தான். கடிதத்தில் எழுத மற்றவர்களைப் பற்றி ஒரு கோடுதான் இருக்கிறது, என்னைப் பற்றி முழு வாக்குமூலமே இருக்கிறது.

பின்னாலேயே போனேன். அவர் வராந்தாவில் தெர்மாமீட்டர்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். மிஸ் எழுதியதெல்லாம் உண்மை, கால்வாய் மட்டும் என் வேலை, அவருடைய பள்ளிக்குப் போகும் கடிதத்தில் இது வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். சரி என்று தலையாட்டினார். நான் போகாமல் நின்றேன்.

"எங்க ஸ்கூல்ல ஒரு பெர்மனென்ட் போஸ்ட் இருக்கு சார். உங்க லெட்டரைப் பாத்துதான் முடிவு பண்ணுவாங்க. என்னைப் பத்தி என்ன எழுதுவீங்க?"

அவர் பெட்டியை மூடினார்.

"பாத்ததை."