இரண்டு கறுப்புக் கோடுகள்

ஆனந்தவல்லியைச் சாது என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. மராட்டிய தேசத்து விஷ்ராந்த்வாடியில் எங்கள் காலனி கிளப்பின் பழைய பேட்மின்டன் ஹாலில், தேக்குப் பலகைத் தரையில், பத்து வருஷமாகப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்துவந்தாள். கணவர் போன பிறகு அந்த வகுப்புதான் அவளுக்கு எல்லாம்.

1998 ஜூலையில் கிளப் செக்ரட்டரி வெங்கடேஸ்வரன் புது இரும்பு பீரோ வாங்கினார். நாலு பேர் தூக்கவேண்டியதை இரண்டே ஆளை விட்டு, ஹால் வாசலிலிருந்து தன் அறை வரை தரதரவென்று இழுக்கவைத்தார். தரையில் இரண்டு நீளப் பள்ளம். என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த மனுஷர் பொதுக்கூட்டத்தில் கூசாமல் சொன்னார்: "டான்ஸ் கிளாஸ் பசங்க குதிச்சுக் குதிச்சுத் தரையே பாழாயிடுத்து. தசராவுக்குள்ள டீச்சர் சரிபண்ணணும். இல்லேன்னா ஹாலைக் காலி பண்ணட்டும்."

அடப்பாவி! வெறுங்கால் தேக்கைக் கீறுமா? எழுந்து பீரோ விஷயத்தைச் சொன்னேன். "சிநேகிதிக்கு வக்காலத்தா, சியாமளா?" என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. ஆனந்தவல்லி தலைகுனிந்து, "சரிபண்ணிடறேன்" என்றாள்.

ஷிண்டே என்ற தச்சர் வந்தார். பள்ளத்தை அடைக்க மூன்று வழி என்று இந்தியில் விளக்கினார். மெழுகு சுலபம், ஆனால் வெயிலில் இளகிவிடும். இதே தரையை இழைத்து வரும் தேக்குத் தூளைப் பசையில் குழைத்து அடைத்தால் தடமே தெரியாது. வேலை தெரிந்தவர்கள் அதைத்தான் செய்வார்கள். மூன்றாவது, எபாக்ஸி என்கிற கறுப்புப் பசை. கல்லாக இறுகிவிடும், ஆனால் பளிச்சென்று தெரியும்.

"கறுப்பே இருக்கட்டும்" என்றாள் ஆனந்தவல்லி.

"பைத்தியமாடீ உனக்கு?"

"குழந்தைகள் கால்ல குத்தாம இருந்தாப் போறும். கோடு எங்க ஆரம்பிச்சு எங்க முடியறதுன்னு எல்லாரும் பாக்கட்டும். அந்த மனுஷன் சாகற வரைக்கும் பாக்கட்டும்."

அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கொஞ்சம் பயந்தேன். நிறைய சந்தோஷப்பட்டேன்.

தசரா அன்று காலனியே ஹாலில் கூடியது. பாலிஷ் போட்ட தரையில் இரண்டு கறுப்புக் கோடுகள் வாசலில் தொடங்கி செக்ரட்டரி அறைக்குள் நுழைந்தன. கிளப் தலைவர் அருணாச்சலம் அவற்றின் கூடவே நடந்துபோய், பீரோவின் கால்களுக்கு நடுவே சாண் போட்டார். திரும்பி வந்து கோடுகளுக்கு நடுவே சாண் போட்டார். "என்ன ஓய், ரெண்டும் அச்சு அசலா ஒரே அளவா இருக்கே?" என்றார். அடுத்த தேர்தலில் வெங்கடேஸ்வரனின் பதவி போயிற்று.

எட்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் வகுப்புக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"டீச்சர், பேத்தியை இங்க சேக்கணும். அதுக்கு முன்னாடி அந்தக் கோட்டைச் சுரண்டிட்டுத் தேக்குத் தூள் வெச்சு அடைச்சுடலாமா? செலவு என்னோடது. காலனில எல்லாரும் அதுக்கு என் பேரை வெச்சிருக்கா. குழந்தை கேட்டா என்ன சொல்வேன்?"

எனக்கே மனசு இளகியது. ஆனந்தவல்லிக்கு இளகவில்லை.

"பேத்தியை நாளைக்கே அனுப்புங்கோ சார், நன்னா சொல்லித்தரேன்" என்றாள். "முதல் வரிசைல, அந்தக் கோட்டு மேலயே நிறுத்தறேன்."