இரண்டு பொடியன் அளவு

என் சின்னம்மாவின் உடம்பை நான் எல்லோர் முன்னாலும் கேலிக்குரியதாக்கினேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. சின்னப் பிள்ளைதானே என்று கூடியிருந்தவர்கள் அங்கேயே என்னை மன்னித்துவிட்டார்கள். அந்த மன்னிப்பை நான் வசதியாக வாங்கி வைத்துக்கொண்டது இரண்டாவது தவறு. தலை முழுக்க நரைத்துவிட்ட இந்த வயதில் சாக்கு ஒன்றும் சொல்லாமல் எழுதிவிட நினைக்கிறேன்.

தொண்ணூறுகள் தொடங்கிய நேரம். இத்தாலியின் பலேர்மோ நகரில், ஒரேத்தோ வீதிப் பக்கம், லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இருந்தோம். அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மா வீடுகளில் துப்புரவு வேலை செய்தார். அம்மாவின் தங்கையான சின்னம்மா, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு அருகில் நோயாளியான ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தார். வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் அவருக்கு விடுதலை.

சின்னம்மா நல்ல பருமன். எங்கள் படியில் ஏறினால் இரண்டாம் மாடியில் நின்று இளைப்பாறுவார். நிற்கும்போதும் காதுத் தோட்டைச் சரிசெய்துகொள்வார். உடுப்பு என்றால் அவருக்கு அப்படி ஓர் ஆசை. கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளைப் பார்த்து, இந்தக் கழுத்துக்கு இந்தக் கை பொருந்தாது என்று என்னிடம் விளக்குவார். ஆனால் அந்தக் கடைகளில் அவருக்கு அளவான உடுப்பு இருக்காது. பருமனானவர்களுக்கென்று தனிக் கடை ஒன்று இருந்தது; அங்கே ஒரு சட்டை வாங்கினால் மாதச் சம்பளத்தில் பாதி போய்விடும். அதனால் அவர் இரண்டே இரண்டு உடுப்புகளை மாறி மாறிப் போட்டார்.

எங்கள் பெண்கள் கடையில் உடுப்பு வாங்குவது அரிது. வேலை செய்யும் வீட்டு எசமானிகளான சின்யோராக்கள் பருவம் மாறும்போது அலமாரியை ஒதுக்கிப் பை பையாகக் கொடுப்பார்கள். அவை ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்து நீள மேசைகளில் பரப்பப்படும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கலாம். யாருடைய சின்யோராவின் உடுப்பு என்று கேட்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். பூசைக்கு வராத மொரீசியஸ் இந்துப் பெண்களும் இந்த மாற்றத்துக்கு வருவார்கள். நெற்றியில் குங்குமத்தோடு வந்து, மாதாவுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேசைக்குப் போவார்கள்.

ஒரு குறை இருந்தது. உடுப்பைச் சும்மா கொடுக்கும் சின்யோராக்கள் எல்லோரும் மெலிந்தவர்கள். பருமனான சின்யோராக்கள், தங்களுக்கும் உடுப்புக் கிடைப்பது கஷ்டம் என்பதாலோ என்னவோ, தையல் விடும்வரை தாங்களே போட்டுத் தேய்த்தார்கள். ஆகவே எங்கள் மண்டபத்தில் பருமனான பெண்கள் பின்பக்கத் தேநீர் மேசையோடு நின்றுவிடுவார்கள். மற்றவர்களுடைய பிள்ளைகளின் சட்டைகளை மடித்துக் கொடுப்பார்கள். சின்னம்மா மட்டும் முன்னால் வருவார். வந்து கைப்பையும் கழுத்துச் சால்வையும் எடுப்பார். அவற்றுக்கு அளவு இல்லை. சின்னம்மாவிடம் இருந்த அளவு கைப்பை எங்களுக்குத் தெரிந்த எவரிடமும் இல்லை.

அந்த ஆண்டு அவருக்கு ஒரு பகல் வேலை கிடைக்க இருந்தது. பெரிய வீடு, விருந்தாளிகள் வந்துபோகும் வீடு. கதவு திறக்கவும் மேசையில் பரிமாறவும் ஆள் வேண்டும். அந்த வேலை கிடைத்தால் இரவில் எங்கள் வீட்டுக்கே வந்து படுக்கலாம். அம்மா கட்டில் போட இடம்கூட ஒதுக்கிவிட்டார். அந்த வீட்டில் இருந்த சீருடை சின்னம்மாவுக்குப் பொருந்தவில்லை. கடும் நிறத்தில், முழங்காலை மூடுகிற, கண்ணியமான உடுப்போடு அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று அந்தச் சின்யோரா சொல்லிவிட்டார்.

அந்தத் திங்களுக்கு எட்டு நாள் முந்திய ஞாயிறு, மண்டபத்தில் அதிசயம் நடந்தது. ஒரு பெண் பையைத் திறந்து, வெள்ளைக் கழுத்துப்பட்டி வைத்த கருநீல உடுப்பொன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தார். அவருடைய சின்யோரா மகனோடு இருக்க மிலானோவுக்குப் போகிறாராம். உடுப்பு பாய்மரம்போல விரிந்தது. எல்லோருடைய கண்களும் சின்னம்மாவிடம் போயின. சின்னம்மா தன்னுடைய கைப்பைகளிலேயே நல்லதான சிவப்புத் தோல் பையை, உள்ளே இருந்ததை அம்மாவின் மடியில் கொட்டிவிட்டு, அப்படியே கொடுத்தார்.

பக்கத்து அறைக்குள் போய் அதைப் போட்டுக்கொண்டு வந்தார். மண்டபத்தில் ஒரு சுற்று நடந்தார். நடையே வேறாக இருந்தது. பிறகு கழற்றி, மடித்து, கதிரையில் வைத்துவிட்டுத் தேநீர் எடுக்கப் போனார்.

மண்டபத்துப் பொடியன்கள் அவரைப் 'பெரிய சின்னம்மா' என்பார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம், அந்த உடுப்புக்குள் எங்கள் காற்பந்துக் குழு முழுதும் நிற்கலாமா என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் மேல் விழுமுன் அதைத் திருப்பிவிட நினைத்தேன். எங்கள் கட்டடத்திலேயே இருந்த மொரீசியஸ் நண்பனைக் கூப்பிட்டேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்குள் தெருவில் பழகிய இத்தாலிய மொழிதான். அவன் நெட்டை. கதிரையில் இருந்த உடுப்பை எடுத்து இருவர் மேலும் போட்டபோது அவன் தலை கழுத்துப்பட்டிக்கு வெளியே வந்தது. நான் அவனுக்குப் பின்னால், உடுப்புக்குள்ளேயே மறைந்துகொண்டு, உடுப்பின் ஒரு கைக்குள் என் கையையும் நுழைத்தேன். மேசைகளுக்கு நடுவே சின்னம்மாவின் நடையை நடந்துகாட்டினோம்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கருநீல இருட்டும் நண்பனின் முதுகும் மட்டும். ஆனால் சிரிப்புக் கேட்டது. மண்டபம் முழுதும் சிரித்தது. அதற்குள் சின்னம்மாவின் சிரிப்பும் கேட்டது, எல்லோரையும்விட உரத்து. அது எனக்கு உற்சாகமாக இருந்தது. இடுப்பை இன்னும் ஆட்டினேன். அப்போது நண்பன் சடாரென்று நின்றான். நான் நிற்கவில்லை. உடுப்பின் கரையில் மிதித்து இருவரும் விழுந்தோம். துணி கிழிகிற சத்தம் எனக்கு உள்ளே இருந்து கேட்டது. தையலோடு விடவில்லை, கரையிலிருந்து இடுப்புவரை துணியே கிழிந்து போயிற்று.

சின்னம்மா வந்து எங்களை வெளியே எடுத்தார். முதலில் என் முழங்காலைத்தான் பார்த்தார்.

"நோகுதோ?"

இல்லை என்றேன்.

"சரி, போய் விளையாடுங்கோ."

அன்று அவர் வழக்கத்துக்கு முன்பே பஸ் எடுத்துக் கிழவியின் வீட்டுக்குப் போய்விட்டார். கிழிந்த உடுப்பை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் என்னை அடிக்கவில்லை. கட்டிலுக்கு ஒதுக்கிய இடத்தில் பழையபடி தையல் பெட்டியையும் வாளியையும் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகும் வழியில், ஏன் அப்படி நின்றாய், நீ நின்றதால்தானே விழுந்தோம் என்று நண்பனோடு சண்டைக்குப் போனேன். உன் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அதனால் நின்றேன் என்றான் அவன். சிரித்துக்கொண்டுதானே இருந்தார் என்றேன். வாய் சிரித்தது என்றான்.  

வுச்சீரியாச் சந்தையில் மீன் கடைகளைத் தாண்டிய ஒரு சந்தில், மூட்டையாக வரும் பழைய உடுப்புகளைக் கொட்டி விற்கும் ஒரு பெண் இருந்தாள். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நண்பனையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். அவளும் பருமனானவள். கதிரை போதாமல் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். கடும் நிறத்தில் பெரிய உடுப்பு வேண்டும் என்றோம். என்ன அளவு என்றாள். தெரியாது. கைகளை விரித்துக் காட்டினேன். அது அளவு இல்லை, அவமரியாதை என்றாள். அவள் சொன்ன விதத்தில் என் கை தானாகவே கீழே இறங்கியது.

அப்போது நண்பன்தான், நாங்கள் இரண்டு பேரும் உள்ளே நிற்க வேண்டும், அதுதான் அளவு என்றான்.

அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். குவியலைக் கிளறிக் கடும் பச்சையில் ஒன்றை எடுத்துத் தலைக்கு மேலால் போட்டுவிட்டாள். நண்பனின் தலை வெளியே, நான் உள்ளே. மீன்காரர்கள் கத்திகளை வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். ஒருவன் கத்திரிக்காய் மூட்டை என்றான், ஒருவன் பேரரசி என்றான். சந்து முழுக்கச் சிரிப்பு. இந்த முறை நான் அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கரையை மிதிக்காமல், அவள் சரி என்று சொல்லும்வரை நின்றேன்.

கையில் காசு இல்லை. நான் போட்டிருந்த ஜீன்ஸ் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தேன். சின்னம்மா மண்டபத்தில் ஒரு சால்வையை விட்டுக்கொடுத்து எனக்கு எடுத்துத் தந்தது அது. பள்ளிக்கூடத்தில் என் மதிப்பே அதில்தான் இருந்தது. கடைக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூட்டைக்குள் போட்டாள். அடுத்த முறை அந்தப் பெண்ணையே கூட்டிவா, பெண் என்றால் அகலம் மட்டும் இல்லை என்றாள்.

வியாழக்கிழமை பின்னேரம் சின்னம்மா வந்தபோது உடுப்பை நீட்டினேன். அது தற்செயல் இல்லை, அவரைக் கேலி செய்து சிரிப்பு வாங்கத்தான் கருநீல உடுப்பைப் போட்டேன் என்று சொன்னேன். பொடியன்கள் வைத்த பேரையும் சொன்னேன். "தெரியும்" என்றார். அறைக்குள் போனார்.  கதவு திறந்தபோது பச்சை உடுப்பு அவருக்கு அகலத்தில் சரியாக இருந்தது. ஆனால் உடுப்பின் கைகள் அவர் கையில் பாதியிலேயே இறுகி நின்றுவிட்டன. இரண்டு கைகளையும் கோழி இறக்கைபோல வைத்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடியடா அளந்தனீங்கள்?"

"நாங்கள் ரெண்டு பேரும் உள்ளுக்கை நிண்டு பாத்தனாங்கள்."

"எங்கை?"

"வுச்சீரியாவிலை. மீன்காரர் எல்லாரும் பாத்தவை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கட்டில் இல்லாத அந்த மூலையில், வாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முகத்தோடு சேர்த்துப் பார்த்தேன். இடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அகலம் சரியடா. ஆனா எனக்குக் கையுமெல்லோ இருக்கு."

அம்மாவும் அவரும் கிழிந்த கருநீல உடுப்பிலிருந்து துண்டு வெட்டி, பச்சையின் கக்கத்தில் வைத்துத் தைத்தார்கள். கையைத் தொங்கவிட்டால் தெரியாது. திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டுதான் சின்னம்மா வேலைக்குப் போனார். அன்று முதல் எங்கள் வீட்டிலேயே படுத்தார். மேல் தட்டில் இருந்து ஏதாவது எடுக்கக் கையை உயர்த்தும்போதெல்லாம் கக்கத்தில் கருநீலம் தெரியும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

பிறகு அவர் கடைக்காரியிடம் தானே போனார். தனக்கும் தன் அக்காமாருக்கும் என்று கடைக்காரி ஒதுக்கி வைத்திருந்த மூட்டையைச் சின்னம்மாவுக்கு அவிழ்த்துக் காட்டினாள். ஒருவருக்கு மற்றவரின் பாஷை பாதிதான் விளங்கியது. கை வேலை, கழுத்து, கரை என்று தொட்டுத் தொட்டுக் கதைத்தார்கள். எங்கள் பெண்களிடம் மிஞ்சிய சிறிய அளவு உடுப்புகள் அவளிடம் போயின. அவளிடமிருந்து பெரிய உடுப்புகள் எங்கள் மண்டபத்துக்கு வந்தன.

அவை மேசைக்கு வந்த முதல் ஞாயிறு, ஒருவரும் கிட்ட வரவில்லை. தேநீர் மேசையில் நின்ற பெண்கள் அங்கிருந்தே ஓரக்கண்ணால் பார்த்தார்கள். வந்து எடுத்தால் தங்கள் அளவை எல்லோருக்கும் சொன்னதாகிவிடும். சின்னம்மா சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மண்டபத்தின் நடுவில் நின்று என்னையும் நண்பனையும் கூப்பிட்டார்.

"இஞ்சை வாங்கோ ரெண்டு பேரும். இதுக்குள்ளை நில்லுங்கோ, பாப்பம்."

பூப்போட்ட உடுப்பொன்றை எங்கள் மேல் போட்டார். மண்டபம் சிரித்தது. சின்னம்மாவின் குரல் அதற்கு மேலே கேட்டது:

"ரெண்டு பொடியள் நிண்டும் இடம் மிச்சம். ஆருக்கு வேணும்?"

இதுதான் எனக்குரிய தண்டனை என்று எண்ணிக்கொண்டேன். அதன்பின் எத்தனையோ ஞாயிறுகள், இருவரும் வளர்ந்து ஓர் உடுப்புக்குள் அடங்காமல் போகும்வரை, அப்படிக் கூப்பிட்ட போதெல்லாம் போய் நின்றேன். தலை குனிந்து, கணக்கைத் தீர்க்கிறவன்போல நின்றேன். தீர்ந்துவிட்டது என்றும் ஒரு நாள் முடிவு செய்துகொண்டேன்.

அந்த முதல் ஞாயிறு என்ன நடந்தது என்பதை வளர்ந்தபின் நண்பன்தான் சொன்னான். எல்லோரும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், தேநீர் மேசையிலிருந்து ஒரு பெண் சேலையில் கையைத் துடைத்தபடி முன்னால் வந்தாராம். அவருக்குப் பின்னால் இன்னொருவர். நெற்றியில் குங்குமத்தோடு ஒருவர். அவர்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் எங்கள் மேல் இருந்தது. சின்னம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லையாம். வந்தவர்களின் தோளில் உடுப்புகளை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அவன் தலை வெளியே இருந்தது, கண்டிருக்கிறான். நான் உள்ளே நின்று, துணியில் வெளிச்சம் பட்ட பூக்களைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பை மட்டும் கேட்டேன்.