வீட்டுல அண்ணாச்சி சொகமா இருக்காகளா?

என் பெரியம்மாவிடம் ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழ் இருந்தது. மூடியின் உச்சியில் ஒரு கிளி. அதன் மூக்கு எப்போதோ உடைந்துபோனதால் பார்க்கக் கோழிக்குஞ்சாகத்தான் தெரியும். கோழிச் சிமிழ் என்று நான் கேலி செய்தால், "சாமி சாமானை வையாதட்டி" என்று தொடையில் கிள்ளுவாள். அந்தச் சிமிழை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கை விரல்களால் கிளியைப் பிடித்தபடி அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்ற நிற்பு இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. உடனே திறந்துவிட மாட்டாள். முதலில் தலையைச் சற்றுச் சாய்த்து, முகம் நிறையச் சிரித்து, ஒரு கேள்வி கேட்பாள். "வீட்டுல அண்ணாச்சி சொகமா இருக்காகளா?" பதில் வந்த பிறகுதான் கிளி திரும்பும்.

கேட்பவர்களுக்கு அது வீட்டுக்காரரைப் பற்றிய சாதாரண நலம் விசாரிப்பு. உண்மையில் அது ஒரு சல்லடை. தாயில்பட்டிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகள் அதிகம், அதனால் புருஷனைப் பறிகொடுத்த பெண்களும் அதிகம். தெரியாமல் ஒருத்தியிடம் குங்குமத்தை நீட்டிவிட்டால் அவள் அழுவாள், பின்னால் நிற்பவர்கள் முகம் சுளிப்பார்கள், வந்த காரியம் கெட்டுப்போகும். ஆகவே பெரியம்மா இரண்டு ஏற்பாடு வைத்திருந்தாள். புருஷன் இருப்பவளுக்குச் சிமிழிலிருந்து குங்குமம், இல்லாதவளுக்கு இடுப்பில் செருகிய சுருக்குப் பையிலிருந்து திருநீறு. இரண்டு பேரிடமும் ஓட்டுக் கேட்பாள். இந்த முறையை வகுத்தது அவளேதான். கோயில், குடும்பம், கட்டுப்பாடு என்று பேசிக்கொண்டு எங்கள் ஊருக்குள் வந்த அந்த அமைப்புக்காரர்களுக்கு மைக் பிடிக்கத் தெரிந்ததே தவிர, அடுப்படி வரைக்கும் போகத் தெரியவில்லை. பெரியம்மாதான் விளக்குப் பூசைக்குப் பெண்களைத் திரட்டினாள், பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள், சாராயக்கடைக்கு எதிராக மறியலுக்கு உட்கார வைத்தாள். அவளுடைய கேள்வியைப் பக்கத்து ஊர்ப் பெண்களும் பாடமாக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த வருடம் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அமைப்பின் பொறுப்பாளர், விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருந்த அண்ணாச்சி, விளக்குப் பூசையில் எல்லார் முன்னாலும் அறிவித்தார். "நம்ம வேட்பாளர் இந்த அக்காதான்." பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிறுமியாகக் கம்பெனிக்குப் போனவள் அவள். சரவெடி பின்னிப் பின்னி நகக்கண்ணெல்லாம் வெள்ளி மருந்து ஏறி, சோறு பிசையும்போதும் விரல் மினுங்கும். அவளுக்கு வேண்டியிருந்தது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னிடம்தான் சொன்னாள். "ஆபீசு வாசல்ல நின்னே எம்புட்டு வயசு போச்சு. நான் உக்காந்திருக்கணும், கம்பெனிக்காரக நின்னுக்கிட்டுப் பேசணும். அத ஒரு தடவ பாத்துட்டாப் போதும்." நான் அப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தேன். அவள் படம் போட்ட நோட்டீஸை எங்கள் அச்சகத்திலேயே அடித்தார்கள். நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம். சிவப்பு மை கொஞ்சம் தூக்கலாக விழுந்து, பொட்டு மட்டும் தனியே எரிந்தது.

லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். ஒரு வீட்டில் கதவைத் திறந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். இடுப்பில் கைக்குழந்தை. பெரியம்மா கேள்வியைக் கேட்டாள். அந்தப் பெண் தலையைக் குனிந்தாள். பாதி திரும்பியிருந்த கிளி பழையபடி மூடிக்கொண்டது. பெரியம்மா சுருக்குப் பையை அவிழ்த்துத் திருநீறு கொடுத்தாள், கன்னத்தைத் தடவினாள், ஓட்டுக் கேட்டாள். புறப்படும்போது அந்தப் பெண் கேட்டாள். "விளக்குப் பூசைக்கு நானும் வரட்டா அக்கா?" பெரியம்மாவின் குரலில் அப்படி ஒரு கனிவு. "வாயேன், ஆரு வேண்டாம்னா? வந்து பின்னால உக்காந்து பாட்டுப் படி. வெளக்க மட்டும் தொட்றாத தாயி, மத்தவுக மனசு சங்கடப்படும்." தெருவுக்கு வந்ததும் கூட வந்த கோடிவீட்டு மதினியிடம், "இந்த ஓட்டு நமக்குத்தான்" என்றாள். கோடிவீட்டு மதினி அவளுக்கு வலது கை. நோட்டீஸ் பையைச் சுமந்துகொண்டு, பெரியம்மா வாயிலிருந்து வருவதையெல்லாம் முணுமுணுவென்று சொல்லிப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவாள்.

தீபாவளி சீசனும் தேர்தலும் ஒன்றாக வந்த வருடம் அது. பெரியம்மா வேலைக்குப் போகாமல் ஊர் சுற்றினாள். பெரியப்பா, "நீ நாட்டக் காப்பாத்து, நான் லோடக் காப்பாத்துதேன்" என்று கேலி பேசிவிட்டு மருந்து கலக்கும் அறைக்குப் போனார். மனுத்தாக்கலுக்கு இன்னும் நாள் இருந்தது. பகல் வேளை, வடக்குத் தெருவில் ஒரு வாசல். அன்றைக்கும் நான் கூட இருந்தேன். "வீட்டுல அண்ணாச்சி சொகமா இருக்காகளா?" என்று பெரியம்மா கேட்டு முடிக்கவும் தரை அதிரவும் சரியாக இருந்தது. காட்டுப் பக்கம் வெள்ளைப் புகை எழுந்தது. கேட்டவளும் கேட்கப்பட்டவளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் புருஷனும் ஒரே கம்பெனி. இரண்டு பேரும் செருப்பில்லாமல் ஓடினார்கள். அந்த வீட்டுக்காரர் எதிரே நடந்து வந்துகொண்டிருந்தார், ஒரு கீறல்கூட இல்லை. பெரியப்பாவை வெள்ளி அரைஞாண் கொடியை வைத்துத்தான் அடையாளம் சொன்னோம். ஓடிய ஓட்டத்திலும் பெரியம்மா சிமிழைக் கைவிடவில்லை. உள்ளங்கையில் கிளியின் தடம் பதிந்திருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் அண்ணாச்சி வந்தார். வெறும் நெற்றியில் திருநீறு பூசி, துவைத்த சேலை கட்டி, பெரியம்மா அவருக்காகக் காத்திருந்தாள். அவள் நம்பிக்கொண்டுதான் இருந்தாள். "ஓட்டுக்கெல்லாமா தாலி கேப்பாக?" என்று காலையில்தான் என் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அண்ணாச்சி நல்ல மனிதர், ரொம்ப நல்ல மனிதர், அதனால்தான் இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. கண் கலங்கினார். காபியை வாங்கிக் கீழே வைத்தார். "ஒங்க துக்கம் எங்க துக்கம் அக்கா. ஆனா நாம வீடு வீடாப் போய்க் குங்குமம் குடுத்துத்தான் ஓட்டுக் கேக்கோம். வேட்பாளர் கையால குடுக்கணும்லா? இது நான் சொல்ற மொறையில்ல. நீங்க வகுத்துக் குடுத்ததுதான்." பெரியம்மா ஏதாவது திருப்பிச் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். மறியலில் போலீஸ்காரரையே வாயடைக்க வைத்தவள். அவள் எழுந்து போய், சாமி மாடத்திலிருந்து சிமிழை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். "கோடிவீட்டுக்காரி பொருத்தமா இருப்பா" என்றாள். அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். நோட்டீஸ் மறுபடி எங்கள் அச்சகத்துக்கே வந்தது. வாசகம் அப்படியே இருக்க, படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றியிருந்தார்கள்.

பிரசாரத்தின் கடைசி வாரத்தில் கோடிவீட்டு மதினி எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தாள். கையில் அதே சிமிழ். எங்கள் வீட்டில் என் அம்மாவுக்குக் குங்குமம் வைத்தாள். அடுத்த வீடு பெரியம்மாவுடையது. அங்கே கேள்வி கேட்கத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பழக்கதோஷம், தலை சாய்ந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. "வீட்டுல..." என்று வாயெடுத்து நிறுத்திக்கொண்டு சுருக்குப் பையை அவிழ்த்தாள். பெரியம்மா இரண்டு கையையும் ஏந்தித் திருநீறு வாங்கினாள். "நாளைக்கு வெளக்குப் பூசைக்கு வந்துருங்கக்கா. பின்னால உக்காந்து பாட்டுப் படிங்க, ஒங்க கொரலு ஆருக்கு வரும்?" என்றாள் மதினி. போகாதே என்று நான் கெஞ்சினேன், கத்தினேன். பெரியம்மா போனாள். கோயில் மண்டபத்தில் விளக்கு வரிசைகளைத் தாண்டி, தூண் ஓரத்தில் அந்தக் கைக்குழந்தைக்காரி இருந்தாள். பெரியம்மாவைப் பார்த்ததும் பாயில் நகர்ந்து உட்கார்ந்தாள். "வாங்கக்கா, இங்கன எடமிருக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பெரியம்மா அந்த இடத்தில் உட்கார்ந்து, தொண்டை கட்டும்வரை பாடினாள். மதினி ஜெயித்தாள். வெற்றி ஊர்வலத்துக்கு ஆலாத்தி கரைக்க மஞ்சளும் சுண்ணாம்பும் பதமாகக் கலந்து கொடுத்தது பெரியம்மா. தட்டை ஏந்த வேறு பெண்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். சிமிழை மதினி திருப்பித் தரவில்லை, பெரியம்மாவும் கேட்கவில்லை. பெரியம்மா சாகும்வரைக்கும் எனக்கு அவள் மேல் இரக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது.

நான் மல்லாங்கிணற்றுக்கு வாக்கப்பட்டு வந்து வெகுகாலமாகிவிட்டது. போன வாரம் தேர்தல் வேலையாக நாலைந்து பெண்கள் எங்கள் தெருவுக்குள் வந்தார்கள். முன்னால் நின்றவள் இளவயசுக்காரி, மாவட்டத்தின் இந்தக் கோடிக்காரி, பெரியம்மா என்று ஒருத்தி இருந்ததே அவளுக்குத் தெரிய வழியில்லை. கையில் பிளாஸ்டிக் சிமிழ். மூடியில் விரலை வைத்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, முகம் நிறையச் சிரித்தாள். "வீட்டுல அண்ணாச்சி சொகமா இருக்காகளா?"

"செத்துப்போனாரு" என்றேன்.

அவள் விரல் மூடியிலிருந்து விலகியது. சிரிப்பு மாறி, முகத்தில் அந்தப் பழைய கனிவு வந்தது. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். நான் இரண்டு கையையும் ஏந்தித் திருநீறு வாங்கி, என் குங்குமத்தின் மேலேயே அழுத்திப் பூசிக்கொண்டேன். அவள் என் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "வாசல்ல ஆரு வந்திருக்கா?" என்று குரல் கொடுத்தார்.