கைக்குட்டை போட்ட சீட்டும் நான் கேட்கும் இன்னொரு படிப்பும்

இன்று அப்பாவுடன் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போனேன். பிளஸ் டூ முடித்ததும் நான் சட்டம் படிக்க அப்பா சம்மதித்துவிட்டார். கூடவே தபால் வழியில் உளவியலும் படிக்க எனக்குக் கொள்ளை ஆசை.

"ஒண்ண ஒழுங்கா படிம்மா. வக்கீலுக்கு அது எதுக்கு?" என்றார்.

எங்கள் முன் சீட்டில் இருந்த ஓர் அக்கா, பக்கத்து இடத்தில் கைக்குட்டை போட்டு வைத்திருந்தார். நின்றுகொண்டிருந்த ஓர் அம்மா உட்கார வந்தார்.

"ஆள் வருது."

"பஸ்ஸுதான் கெளம்பிடிச்சே! இனிமே எங்கேர்ந்து வரும்?"

"வரேன்னு சொல்லியிருக்காரு" என்ற அக்கா கைக்குட்டையை எடுக்கவே இல்லை. ஆலப்பாக்கம் தாண்டியும் ஜன்னல் வழியே பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார்.

அப்பா என்னைச் சீண்டினார். "வக்கீலம்மா, சீட்டு யாருக்கு? தீர்ப்பு சொல்லு."

"நிக்கிறவங்களுக்குத்தாம்ப்பா. அது ஈசி. ஆனா அந்தக் கைக்குட்டைய அவுங்களால ஏன் எடுக்க முடியல? அதையும் படிக்கணும்ப்பா."

அப்பா முன் சீட்டுக் கைக்குட்டையை எட்டிப் பார்த்தார். இறங்கும்போது, "அப்பறம் பாக்கலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் அது பாதி சம்மதம். மீதிப் பாதியை வாங்கத் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.